மாரியில் ஒரு நாள்: புளியந்தீவும் கோட்டையும்

மட்டக்களப்புக்கு வருகிற வெளியூர்க்காரர் பெரும்பாலும் வெயில் காலத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். கடல் அமைதியாக இருக்கும், வாவியில் தோணி விடலாம், பாசிக்குடாவில் குளிக்கலாம். மாணவருக்கோ நீண்ட விடுமுறை மார்கழியை ஒட்டித்தான் வருகிறது. அந்த மாதத்தில் வானம் கறுத்திருக்கும், வாடைக்காற்று அடிக்கும், வயல்வெளி முழுக்கத் தண்ணீர் நிற்கும். "இந்த மழைக்குள்ள எங்க போறது?" என்று வீட்டில் கேட்பார்கள்.

கோட்டையைப் பார்ப்பதற்கு மாரியே நல்ல காலம் என்பது என் உறுதியான கருத்து. வாவி தாழ்ந்து கிடக்கும் கோடையில் கோட்டை ஒரு பழைய கட்டடமாக மட்டுமே தெரியும். நீர் ஏறி மதிலை நெருங்கும் மாரியில்தான், இதைக் கட்டியவர்கள் ஏன் இந்தத் தீவின் கரையைப் பிடித்தார்கள் என்பது கண்ணுக்கு விளங்கும். இங்கே பாதிக் காவல் வேலையைச் செய்வது தண்ணீர். அதை நேரில் பார்த்துக் குறித்துக்கொண்டு, நனையாமல் வீடு திரும்புவதற்கான வழிமுறைதான் இந்த அத்தியாயம்.

முதலில் தெரிந்திருக்க வேண்டியவை

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமானது. அதன் கிழக்குக் கரை எழுவான்கரை, மேற்குக் கரை படுவான்கரை. நகரின் பழைய பகுதி வாவிக்குள் இருக்கும் புளியந்தீவில் அமைந்தது. தீவின் கரையில் 1628இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினார்கள். 1638 மே 18ஆம் திகதி கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனுடன் சேர்ந்து ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினார்கள். ஒல்லாந்தப் படைக்குத் தலைமை தாங்கியவர் அட்மிரல் வெஸ்டர்வோல்ட். இலங்கையில் ஒல்லாந்தரிடம் வீழ்ந்த முதல் போர்த்துக்கேயக் கோட்டை இதுதான். அடுத்த சில நாட்களுக்குள் மன்னனுக்கும் ஒல்லாந்தருக்கும் இடையிலான உடன்படிக்கையும் மட்டக்களப்பிலேயே கைச்சாத்தானது. 1795இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. பின்னர் கச்சேரி நெடுங்காலம் இதற்குள்தான் இயங்கியது.

இந்தத் திகதிகளில் மாதத்தையும் கவனியுங்கள். ஒல்லாந்தக் கப்பல் தலைவர் ஸ்பில்பெர்கன் 1602இல் மட்டக்களப்புக் கடலில் நங்கூரமிட்டது மே மாத இறுதியில். வெஸ்டர்வோல்ட் கோட்டையைப் பிடித்ததும் மே மாதத்தில். கிழக்குக் கரையில் வாடை ஓய்ந்து கடல் படியும் காலம் அது. கார்த்திகையிலும் மார்கழியிலும் இந்தக் கடலில் கப்பலை நிறுத்தி ஆட்களை இறக்குவது மிகக் கடினம். நீங்கள் போகிற மாதம் கோட்டைக்கு மிகவும் பாதுகாப்பான மாதம். இதை மனதில் வைத்துக்கொண்டு நடந்தால் ஒவ்வொரு சுவரும் கூடுதலாகப் பேசும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். காலிக் கோட்டையின் மதிலுக்குள் ஒரு முழு ஊரே இருக்கிறது. தெருக்கள், வீடுகள், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாம் உள்ளே. மட்டக்களப்புக் கோட்டை அப்படியல்ல. இது சிறியது, சதுரமானது. ஊர் மதிலுக்கு வெளியே, தீவின் மீது வளர்ந்தது. அதனால் கோட்டையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், தீவையும் சேர்த்து நடந்து பார்க்க வேண்டும்.

நாளைத் தெரிவு செய்தல்

1. பயணத்துக்கு மூன்று நாட்கள் முன்பிருந்தே வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பைத் தினமும் பாருங்கள். "கிழக்கு மாகாணத்தில் அவ்வப்போது மழை" என்றால் போகலாம். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்ற சொல் வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு இந்த மாவட்டத்தைச் சிதைத்த சூறாவளி இதே பருவத்தில்தான் வந்தது. ஊரில் மூத்தவர்களிடம் கேட்டால் அந்த இரவை இன்றும் சொல்வார்கள்.

2. குளங்களின் செய்தியைக் கேளுங்கள். உன்னிச்சை, உறுகாமம், நவகிரி போன்ற குளங்களின் வான்கதவுகள் திறக்கப்பட்டால் தாழ்நிலங்களிலும் வீதிகளிலும் நீர் ஏறும். படுவான்கரையிலிருந்து வருகிற மாணவர்களுக்கு இது மிக முக்கியம். காலையில் வந்த வீதி மாலையில் மூடப்பட்டிருக்கலாம்.

3. முடிந்தால் வாரநாளைத் தெரிவு செய்யுங்கள். கோட்டைக்குள் போக வாயிலில் அனுமதி கேட்க வேண்டும். அலுவலக நேரத்தில் பதில் சொல்ல ஆள் இருக்கும். போயா தினத்தையும் அரச விடுமுறைகளையும் தவிருங்கள்.

4. டிசம்பர் 26ஆம் திகதி போவதாக இருந்தால், அது 2004 ஆழிப்பேரலையின் நினைவு நாள் என்பதை மறக்காதீர்கள். கல்லடி, நாவலடிக் கரைகளில் குடும்பங்கள் தங்கள் உறவுகளுக்கு விளக்கேற்ற வந்திருப்பார்கள். அங்கே படம் எடுக்க வேண்டாம். அமைதியாக நின்று வணங்கிவிட்டு நகருங்கள்.

5. நான்கு முதல் ஆறு பேர் கொண்ட குழுவே சிறந்தது. ஒரு ஓட்டோவுக்குள் அடங்காவிட்டாலும் இரண்டில் போய்விடலாம். தனியாகப் போவதானால் வீட்டில் ஒருவரிடம் பாதையையும் திரும்பும் நேரத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.

பையில் வைக்க வேண்டியவை

மழையங்கி கட்டாயம். குடையும் இருக்கட்டும், ஆனால் அதை நம்ப வேண்டாம். வாவிக்கரையிலும் பாலத்திலும் காற்று குடையைப் புரட்டிவிடும். சப்பாத்தைவிடப் பின்வார் உள்ள, அடியில் பிடிப்பு உள்ள செருப்பு நல்லது. கோயில் வாசலில் கழற்றவும் எளிது. முழுக்கைச் சட்டை போடுங்கள். மழைக்குப் பின் நுளம்பு பெருகும், டெங்கு பரவுகிற காலமும் இதுவே. நுளம்பு எண்ணெயைக் காலையிலேயே பூசிவிடுங்கள்.

குறிப்பேடு ஒன்று, பென்சில் இரண்டு. மழைத்துளி பட்டால் பேனா மை கரைந்துவிடும், பென்சில் கோடு அப்படியே நிற்கும். கைத்தொலைபேசிக்கும் அடையாள அட்டைக்கும் இறுக்கி மூடும் பிளாஸ்டிக் உறை. மாற்று உடுப்பும் துவாயும் தனிப் பையில். தண்ணீர்ப் போத்தல். சில்லறைக் காசு. சின்ன அளவுநாடா இருந்தால் கோட்டையில் பயன்படும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

*குறிப்பு:* முதல் நாள் மாலையே வீட்டு முற்றத்தில் அளவுநாடாவால் 10 மீற்றர் அளந்து, அதை எத்தனை எட்டில் கடக்கிறீர்கள் என்று எண்ணி, குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இயல்பான நடையில் மூன்று தரம் நடந்து சராசரி எடுத்தால் போதும்.

காலை: நீரைப் பார்த்த பின் கோட்டை

மார்கழியில் பொழுது 6 மணி தாண்டித்தான் விடியும், மாலை 6 மணியோடு இருட்டிவிடும். ஆகவே நகருக்குள் காலை 8 மணிக்கு முன்னரே வந்து சேர வேண்டும். வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகப் பக்கத்திலிருந்து வருபவர்கள் திருகோணமலை வீதி பஸ்களில் வரலாம். கல்முனை, காத்தான்குடிப் பக்கத்திலிருந்து வருபவர்கள் கல்லடிப் பாலத்தைக் கடந்துதான் நகருக்குள் நுழைவார்கள். வரும்போதே யன்னலோரம் இருந்து வாவியின் நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. *காந்தி பூங்காவில் தொடங்குங்கள்.* தீவுக்குப் போகும் பாலத்தருகே வாவியை ஒட்டியுள்ள இடம் இது. காலையில் ஆட்கள் நடமாடுவார்கள், உட்காரவும் வசதி. இங்கேதான் மட்டக்களப்பு வாயில் என்ற பழைய இறங்குதுறையின் அடையாளமும், மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட்டின் சிலையும் உள்ளன. 1814இல் இங்கு வந்த அவர் அடுத்த ஆண்டே இறந்துபோனார். அந்தக் குறுகிய காலத்தில் தொடங்கிய பள்ளிக்கூடமே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. அந்தக் காலத்தில் இந்த ஊருக்குள் வர வேண்டுமானால் தண்ணீர் வழியாகத்தான் வர வேண்டும் என்பதை இந்த இறங்குதுறை சொல்கிறது.

2. *நீர்மட்டத்தைக் குறியுங்கள்.* கரைக் கட்டில் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது, நீர் கலங்கிச் செம்மண் நிறமா அல்லது பச்சையா, ஓட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று மூன்று வரி எழுதுங்கள். மாரியில் குளங்களிலும் வயல்களிலும் இருந்து நன்னீர் வந்து சேர்வதால் வாவியின் உப்புக் குறையும், நிறம் மாறும். முகத்துவாரத்தின் மணல்திட்டு உடைந்தாலோ வெட்டப்பட்டாலோ நீர் சட்டென்று வடியும். பாலமீன்மடுப் பக்கத்தில் ஆற்றுவாய் திறந்துவிட்டதா என்று கரையில் வலை வீசுகிற ஒருவரிடம், "அண்ணன், ஆத்துவாய் திறந்திட்டா?" என்று கேளுங்கள். அவர் தரும் தகவல் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

3. *எதிர்க்கரையிலிருந்து கோட்டையைப் பாருங்கள்.* உள்ளே போன பின் முழுத் தோற்றம் கிடைக்காது. கரையோரமாக நடந்து, மதிலும் நீரும் சேர்ந்து தெரிகிற இடத்தில் நின்று ஒரு படம் எடுங்கள், ஒரு கோட்டுச் சித்திரமும் போடுங்கள். சித்திரம் மோசமாக வந்தாலும் பரவாயில்லை. வரைகிறபோதுதான் கண் கூர்ந்து பார்க்கிறது.

4. *பாலம் வழியாகத் தீவுக்குள் நடந்து செல்லுங்கள்.* ஓட்டோ வேண்டாம். தீவுக்குள் நுழைகிறோம் என்ற உணர்வு நடந்தால்தான் வரும்.

கோட்டைக்குள்

இந்த நாளின் நடுநாயகம் இதுதான். இரண்டு மணித்தியாலமாவது ஒதுக்குங்கள்.

1. வாயிலில் நில்லுங்கள். காவலில் இருப்பவரிடம் அடையாள அட்டையைக் காட்டி, "ஐயா, நாங்கள் மாணவர்கள், கோட்டையைப் பார்க்க வந்தோம். உள்ளே போகலாமா? மதிலில் ஏறலாமா? படம் எடுக்கலாமா?" என்று மூன்றையும் தனித்தனியே கேளுங்கள். எதற்கு இல்லை என்கிறாரோ அதை விட்டுவிடுங்கள். பணிவாகக் கேட்கிற மாணவரை இந்த ஊர் திருப்பி அனுப்புவது அரிது.

2. உள்ளே நுழையும் முன் வாயிலின் தடிப்பைக் கையாலோ நாடாவாலோ அளவுங்கள். எவ்வளவு கல்லைத் தாண்டி உள்ளே போகிறோம் என்பது அப்போது புரியும்.

3. உள்முற்றத்தில் நின்று நான்கு மூலைகளையும் கண்டுபிடியுங்கள். ஒவ்வொரு மூலையிலும் ஒரு கொத்தளம். குறிப்பேட்டில் ஒரு சதுரம் போட்டு, மூலைகளில் கொத்தளங்களை வரைந்து, கைத்தொலைபேசியின் திசைகாட்டியால் வடக்கைக் குறியுங்கள்.

4. அனுமதி கிடைத்தால் மதில்மேல் ஏறுங்கள். மழை பெய்துகொண்டிருந்தால் ஏறவே வேண்டாம். மழை விட்டு அரை மணித்தியாலம் ஆகியிருந்தாலும் பாசி படிந்த கல் வழுக்கும். ஒவ்வொருவராக, கைகளில் எதுவும் பிடிக்காமல், விளிம்பிலிருந்து இரண்டு எட்டுத் தள்ளியே நடக்க வேண்டும்.

5. சதுரத்தின் நான்கு பக்கங்களையும் வெளியே பார்த்துக் குறியுங்கள். இரண்டு பக்கம் வாவி. மற்ற இரண்டு பக்கம் அகழி. தரையோடு ஒட்டிய பக்கங்களில்தான் அகழி வெட்ட வேண்டியிருந்தது. வாவிப் பக்கத்தில் இயற்கையே காவல் தந்துவிட்டது. மாரியில் அகழியிலும் வாவியிலும் நீர் ஏறி நிற்கும்போது இந்தக் கணக்கு ஒரே பார்வையில் விளங்கும். நான் இந்தப் பருவத்தில் வரச் சொல்வதற்குக் காரணம் இந்த ஒரு காட்சிதான்.

6. ஒரு கொத்தளத்தில் நின்று பக்கவாட்டில் பாருங்கள். நேர் மதிலின் அடியில் ஒட்டி நிற்கும் ஒருவனை மதில்மேல் நிற்பவன் குனியாமல் பார்க்க முடியாது, குனிந்தால் சுடப்படுவான். கொத்தளம் மூலையில் வெளியே துருத்தி நிற்பதால், அங்கிருந்து மதிலின் முகம் முழுவதையும் ஓரமாகப் பார்த்துச் சுடலாம். இதைச் சோதிக்க உங்கள் நண்பர் ஒருவரை உட்பக்கச் சுவரடியில் நிற்கவைத்து, எந்த இடத்தில் நின்றால் அவர் தெரிகிறார் என்று பாருங்கள். வெளிப்புறம் அகழி ஓரத்தில் யாரையும் நிறுத்தக் கூடாது.

7. இறங்கிய பின், ஒரு பக்க நீளத்தை உள்முற்றத்தில் எட்டு எண்ணி அளவுங்கள். முந்திய நாள் எழுதிய கணக்கைக் கொண்டு மீற்றராக மாற்றுங்கள். குழுவில் இருவர் தனித்தனியே அளந்து ஒப்பிட்டால் பிழை தெரியும்.

8. பழைய கட்டடங்களின் தடித்த தூண்கள், ஓட்டுக் கூரை, பீரங்கி எதைக் கண்டாலும் ஒரு கேள்வி எழுதுங்கள்: இது எந்தக் காலத்தது? போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர், பிற்காலத் திருத்தம் என்று நான்கு காலங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடம் இது. எல்லாவற்றையும் ஒல்லாந்தர் தலையில் கட்டுவது மாணவர் கட்டுரைகளில் அடிக்கடி வருகிற தவறு. வி, ஓ, சி என்ற மூன்று எழுத்துகள் பின்னிய முத்திரையைக் கண்டால் மட்டும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி என்று துணிந்து எழுதலாம்.

*எச்சரிக்கை:* இருட்டான துவாரங்களுக்குள்ளும் இடிந்த அறைகளுக்குள்ளும் நுழையாதீர்கள். மாரியில் பாம்புகள் ஈரத்தை விட்டு மேட்டுக்கு வரும். சுவரில் பெயர் கீறுவது சட்டப்படி குற்றம், அதைவிடப் பெரிய வெட்கக்கேடு. 1628இல் தொடங்கிய ஒரு கட்டடத்தில் நம் பெயருக்கு இடமில்லை.

தீவுக்குள் நடை

கோட்டையிலிருந்து வெளியே வந்தால் புளியந்தீவின் மற்ற இடங்கள் எல்லாம் நடைதூரம். புனித மரியாள் பேராலயம், 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரி, மெதடிஸ்த மத்திய கல்லூரி, ஆனைப்பந்திப் பிள்ளையார் கோயில் ஆகியவற்றை ஒரு மணித்தியாலத்தில் வெளியே நின்று பார்த்துவிடலாம். மார்கழியில் கோயிலில் திருவெம்பாவையும் தேவாலயத்தில் நத்தார் ஏற்பாடும் ஒரே தெருவாசிகளை நனைந்த வீதியில் நடக்க வைக்கும். பூசை நடக்கும் நேரத்தில் படம் வேண்டாம். பள்ளிக்கூட வளவுக்குள் அனுமதியின்றி நுழைய வேண்டாம். பொலிஸ், இராணுவம், சிறைச்சாலை சம்பந்தப்பட்ட எந்தக் கட்டடத்தையும் படமெடுக்காதீர்கள்.

மதியச் சாப்பாடு

12 மணிக்கே சாப்பிடுங்கள். ஒரு மணிக்கு மேல் கடைகளில் நெருக்கம் கூடும். மழையும் பிடித்துக்கொண்டால் நிற்க இடமிருக்காது. சோறும் மீன்குழம்பும் எங்கும் கிடைக்கும். ஆற்று இறாலும் நண்டும் இந்த ஊரின் பெருமை. விலையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். சாப்பிட்டு முடிந்ததும் சட்டித் தயிர் கட்டாயம். எருமைத் தயிரைப் பாணி விட்டுச் சாப்பிடாமல் மட்டக்களப்பைவிட்டுப் போகக் கூடாது. வீட்டுக்கு ஒரு சட்டி வாங்குவதானால் மாலையில் புறப்படும்போது வாங்குங்கள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிற்பகல்: கல்லடி

மழை இல்லையென்றால் கல்லடிக்குப் போங்கள். கல்முனை, காத்தான்குடிப் பக்கம் போகும் எந்த பஸ்ஸும் பாலத்தைக் கடக்கும்.

1. *பழைய பாலத்தில் நடங்கள்.* இரும்புச் சட்டங்களால் ஆன இந்தப் பாலம் 1924இல் திறக்கப்பட்டது. ஆளுநர் வில்லியம் மானிங்கின் மனைவி பெயரால் லேடி மானிங் பாலம் என்று அழைக்கப்பட்டது. பக்கத்திலேயே 2013இல் புதிய பாலம் திறந்த பின், பழையது நடப்பவர்களுக்கு வசதியாகிவிட்டது. காற்று பலமாக அடித்தாலோ மின்னினாலோ பாலத்தில் நிற்க வேண்டாம். தண்ணீருக்கு நடுவே உயர்ந்து நிற்கும் இரும்பு அது.

2. *பாடும் மீனை இப்போது தேடாதீர்கள்.* மட்டக்களப்புக்கு வழங்கும் மீன்பாடும் தேன்நாடு என்ற பெயரை நம்பி மார்கழி இரவில் பாலத்தில் காத்திருக்கிற மாணவர்கள் ஏமாந்து திரும்புகிறார்கள். வாவி மீன் பாடுவதாகச் சொல்லப்படும் ஓசை ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை, நீர் அசையாத நிலாக் காலத்தில் கேட்பது. துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையைக் காதோடு சேர்த்துக் கேட்பார்கள். இதைப் பற்றி எழுதிய எமர்சன் டெனன்ட் மட்டக்களப்புக்கு வந்ததும் 1848 செப்டெம்பரில்தான். பின்னாளில் லாங் அடிகளாரின் உதவியோடு அந்த ஓசை பதிவாகி 1960களில் இலங்கை வானொலியில் ஒலித்தது. நீங்கள் மாரியில் நீரின் ஓட்டத்தைப் பாருங்கள். மீனைக் கேட்கக் கச்சான் காற்றுக் காலத்தில் இன்னொரு தரம் வாருங்கள்.

3. *விபுலாநந்த அடிகளின் சமாதி.* கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலய வளவில் உள்ளது. 1892இல் காரைதீவில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்து, யாழ்நூலைத் தந்து, அந்த நூல் அரங்கேறிய 1947ஆம் ஆண்டிலேயே மறைந்தவர் அடிகள். உள்ளே போக முன் அனுமதி கேளுங்கள். தமிழ் படிக்கிற மாணவர் எவரும் இந்த இடத்தைத் தவிர்த்துவிட்டுப் போவதை என்னால் ஏற்க முடியாது. பத்து நிமிடமாவது நில்லுங்கள்.

4. *திருச்செந்தூர் முருகன் ஆலயம்.* கடற்கரைப் பக்கம் உள்ள இந்த ஆலயத்தின் கோபுரம் 2004இல் ஆழிப்பேரலையால் சரிந்தது. அதன் சாய்வைப் பார்த்தால் அன்றைய நீரின் பலம் தெரியும். அங்கிருந்து கடலை எட்டிப் பாருங்கள், ஆனால் மாரியில் கடலில் இறங்காதீர்கள்.

பாலமீன்மடுவில் 1913இல் கட்டிய வெளிச்சவீட்டையும் பார்க்க ஆசை வரும். கோட்டை, கல்லடி, வெளிச்சவீடு மூன்றையும் ஒரே மாரி நாளில் அடக்க முயன்றால் மூன்றும் அரைகுறையாகிவிடும். பிற்பகலில் வானம் முழுக்க வெளித்திருந்தால் மட்டும், கல்லடியை விட்டுவிட்டு அங்கே போங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

கோட்டையை மாலைக்கு ஒத்திவைப்பது முதல் தவறு. இந்தப் பருவத்தில் பிற்பகலில் இடியோடு மழை வந்தால் அன்றைய முக்கிய வேலை போய்விடும். முக்கியமானதைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும்.

இரண்டாவது, படம் மட்டும் எடுப்பது. மங்கிய வெளிச்சத்தில் எடுத்த நூறு படங்களில் எது எந்த மூலை என்று இரவில் தெரியாது. ஒவ்வொரு இடத்திலும் முதலில் குறிப்பேட்டில் இடத்தின் பெயரை எழுதி, அந்தப் பக்கத்தை ஒரு படம் எடுத்துவிட்டு, பிறகு மற்றப் படங்களை எடுங்கள். வரிசை குழம்பாது.

மூன்றாவது, டிரோன் கொண்டுபோவது. இலங்கையில் அதற்கு முன் அனுமதி வேண்டும். அரச அலுவலகங்களும் பாதுகாப்பு நிலையங்களும் நெருங்கியுள்ள இந்தத் தீவில் அதைப் பறக்கவிட்டால் வீண் சிக்கல்.

பாதுகாப்பு

1. வாவியில் இறங்காதீர்கள், கால் நனைக்கவும் வேண்டாம். வாவியில் முதலைகள் உண்டு. மாரியில் கலங்கிய நீரில் அவை கண்ணுக்குத் தெரியாது. கண்டல் மரங்கள் அடர்ந்த கரையில் குந்தியிருப்பதும் ஆபத்து.

2. முகத்துவாரத்தில் நீர் கடலுக்குள் பாய்கிற இடத்துக்குக் கிட்டப் போகாதீர்கள். மணல் காலுக்குக் கீழேயே கரைந்து போகும்.

3. காலில் காயம் இருந்தால் வெள்ளநீரில் நடக்க வேண்டாம். எலிக்காய்ச்சல் பரவும் வழி அது. தவிர்க்க முடியாமல் நடந்தால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். அடுத்த இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் இந்தப் பயணத்தைச் சொல்லுங்கள்.

4. இடி கேட்டால் மதில், பாலம், மரத்தடி மூன்றையும் விட்டு ஒரு கட்டடத்துக்குள் போங்கள். கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் கழித்தே வெளியே வாருங்கள்.

5. இந்த இலக்கங்களைத் தாளிலும் எழுதி வையுங்கள், தொலைபேசி நனைந்து நின்றுபோகலாம்: அம்பியூலன்ஸ் 1990, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. போதனா வைத்தியசாலை நகருக்குள்ளேயே உள்ளது.

மழை பிடித்துக்கொண்டால்

தூறலுக்கு நிற்க வேண்டாம், மழையங்கியோடு நடங்கள். கனமழையென்றால் கோட்டைக்குள் அனுமதித்த கூரையின் கீழ் நின்று, உள்முற்றத்து நீர் எந்த வழியாக வடிகிறது என்று கவனியுங்கள். மூன்று நூற்றாண்டுக்கு மேல் மாரியைத் தாங்கிய கட்டடத்தின் வடிகால் படிக்கத் தகுந்த விஷயம். ஒரு மணித்தியாலம் கடந்தும் மழை விடவில்லையென்றால் பொது நூலகத்துக்குப் போய் மட்டக்களப்பு வரலாற்று நூல்களைக் கேளுங்கள். பிற்பகல் இரண்டு மணிக்கும் வானம் வெளிக்காவிட்டால் கல்லடியை விட்டுவிட்டு வீட்டுக்குப் புறப்படுங்கள்.

திரும்புதல்

1. நான்கு மணிக்கு வீதி நிலைமையைத் தொலைபேசியில் வீட்டாரிடமோ விடுதி நண்பரிடமோ கேளுங்கள். நான்கரைக்குப் பஸ் நிலையத்தில் இருங்கள். கடைசி பஸ்ஸை நம்பி இருக்க வேண்டாம். மாரியில் அது வராமலும் போகலாம்.

2. வாவியைப் பாதையில் (மிதவைப் படகில்) கடக்க வேண்டியவர்கள், குருமண்வெளி, மண்டூர் பக்கத்தவர்கள், இருட்டுமுன் துறைக்குப் போய்ச் சேர வேண்டும். காற்றடித்தால் பாதை ஓடாது. காலையில் புறப்படும்போதே மாற்று வழியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

3. வீட்டுக்கு வந்ததும் கால்களைக் கழுவித் துடையுங்கள். நனைந்த செருப்புக்குள் பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து வையுங்கள்.

4. அன்றிரவே, நித்திரைக்கு முன், கோட்டைச் சதுரத்தைச் சுத்தமாக மறுபடி வரையுங்கள். வடக்கு, கொத்தளங்கள், வாவி, அகழி, எட்டளவில் கிடைத்த நீளம், அன்றைய நீர்மட்டம், திகதி ஆகியவற்றைக் குறியுங்கள். வைகாசியில் ஒரு நாள் அதே இடத்தில் நின்று நீர்மட்டத்தை மீண்டும் குறித்தால், இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.